வெற்றிலையில் வரைந்த ஈச்சிறகு

சோதனைக்கூடத்தில் இருக்கும் என் மகனுக்கு,

உன் ஈக்கள் நலம்தானே? அவை நலமாக இருந்தால் நீயும் ஒருவாறு நலமாக இருப்பாய் என்று எடுத்துக்கொள்கிறேன். உன் அப்பா நலம். நான் நலம் என்று சொல்வதற்கில்லை. சந்தோஷத்தில் கை கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலுக்குப் போய் நிற்கிறேன். இதற்கு வைத்தியம் உண்டா என்று யாரிடமும் கேட்கவும் பயமாக இருக்கிறது, வைத்தியம் செய்து குணப்படுத்திவிடுவார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை உனக்குக் கல்யாணம். இது உனக்குத் தெரியும் என்று நம்புகிறேன். ஆனால் அது எப்படி நிச்சயமானது என்பது உனக்குத் தெரியாது. நிச்சயம் நடந்த கூடத்தில் நீயும் இருந்தாய், நடுவில்தான் உட்கார்ந்திருந்தாய், அதிகம் பேசியதும் நீதான். இருந்தும் உனக்குத் தெரியாது. நீ வெற்றிலையைப் பார்த்துக்கொண்டிருந்தாய். மற்றவர்கள் எல்லாரும் மற்ற எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தோம். தன் நிச்சயதார்த்தத்தில் நடந்ததை அம்மா கடிதம் போட்டுத் தெரிவிக்க வேண்டிய நிலையில் இருக்கும் பிள்ளை, இந்தக் கரிசல் காட்டில் நீ ஒருவனாகத்தான் இருப்பாய்.

இந்தக் கடிதத்தை நான் ஒட்டாமல் அனுப்புகிறேன். எப்போதும்வென்றான் ஊருக்குப் பக்கத்துக் கிளை அஞ்சலகத்தில் பணி ஓய்வு வரை உட்கார்ந்திருந்தவள் என்ற முறையில் எனக்கு ஒன்று தெரியும்: ஒட்டிய கடிதத்தைத்தான் ஊரில் எல்லாரும் படிக்க ஆசைப்படுவார்கள், திறந்து கிடப்பதை யாரும் தொடமாட்டார்கள். அப்படியும் யாராவது தொட்டுப் படித்தால் படிக்கட்டும். பிள்ளைகளைப் பெற்றவர்களாக இருந்தால் ஆறுதலாக இருக்கும். அந்த அஞ்சலகத்துக்கு வந்த பத்திரிகைகளை எல்லாம் உரியவர்களுக்கு ஒரு நாள் தாமதமாகக் கொடுத்துத்தான் நான் படித்தேன் என்பது ஊரறிந்த சங்கதி. மழையே எட்டிப் பார்க்காத ஊரில் பத்திரிகை ஒரு நாள் பிந்தியதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்தப் படிப்பை நம்பித்தான் உன் ஆராய்ச்சியைப் புரிந்துகொள்ளும் காரியத்தில் நான் இறங்கினேன்.

இறங்காமல் முடியாது. பெண் தேடிப் போகிற இடத்தில் எல்லாம் முதலில் அதைத்தானே கேட்டார்கள். தரகர் சுப்பையா "மாப்ள ஆராய்ச்சி செய்யுதாரு" என்பார். கேட்டவர் முகம் மலரும். "என்ன ஆராய்ச்சி?" என்பார். சுப்பையா வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே என் பக்கம் திரும்புவார். நான் "ஈ" என்பேன். அதோடு காபி ஆறிவிடும். ஓட்டப்பிடாரத்தில் ஒரு பெரியவர் ரொம்ப மரியாதையாகக் கேட்டார்: "ஈ ஓட்டத்தான் ஊர்ல ஆள் உண்டு தாயீ. வளக்கவுமா ஆள் போட்டிருக்காவ?" புதியம்புத்தூரில், வீட்டு மாடியில் தையல் யூனிட் நடத்தும் ஓர் அம்மாள் தொழில் தெரிந்தவர். "அதுக்கு வெலை எப்படி? கிலோக் கணக்கா, எண்ணிக்கையா?" என்றார். நியாயமான கேள்வி. ஆடு வளர்ப்பவனிடமும் கோழி வளர்ப்பவனிடமும் கேட்கிறோம், உன்னிடம் கேட்டால் மட்டும் என்ன? விற்பதில்லை, சிறகைப் பிய்த்துக் கண்ணாடியில் ஒட்டிப் பார்ப்பான் என்று நான் விளக்கினேன். அதற்கு மேல் அவர்கள் ஒன்றும் கேட்கவில்லை. பெண்ணையும் கண்ணில் காட்டவில்லை.

உன் சோதனைக்கூடத்துக்கு நானும் அப்பாவும் வந்த நாளை நினைத்துப் பார்க்கிறேன். ஈக்களுக்கு நீ சமைத்து வைத்திருந்ததை மோந்து பார்த்தேன். ரவை, வெல்லம், கடல்பாசி, கொஞ்சம் ஈஸ்ட். முந்திரிப்பருப்பும் நெய்யும் போட்டிருந்தால் கேசரி. வீட்டுக்கு வந்தால் ஒரு டம்ளரைக் கழுவி வைக்காத பிள்ளை, ஈக்குக் கேசரி கிண்டி, பாட்டில் பாட்டிலாக ஊற்றி, வாயைப் பஞ்சால் அடைத்து வைத்திருந்தாய். இரண்டு வெவ்வேறு குலத்து ஈக்களுக்கு நீயே சம்பந்தம் பேசி, பெண் ஈயை வேறு ஆண் நெருங்குவதற்கு முன்பே பிரித்தெடுத்து, மணமுடித்து வைப்பதாகச் சொன்னாய். அவற்றுக்குப் பிறக்கும் புழுக்களுக்குச் சாப்பாட்டில் நஞ்சு கலந்து கொடுப்பாய். அவை வளர்ந்து ஈயாகிப் பறக்கும் வயதில் சிறகைப் பார்ப்பாய். ஊருக்கெல்லாம் ஜாதகம் பொருத்திப் பார்த்த சுப்பையாவுக்கும் இவ்வளவு சுத்தமான ஜாதகம் வாய்த்ததில்லை. அதையெல்லாம் பார்த்துவிட்டு வெளியே வரும்போது உன் அப்பா சொன்னார்: "ஈக்கு எல்லாம் கல்யாணம் ஆயிட்டு. இவனுக்கு எப்பம்?"

ஆனால் அந்த உருப்பெருக்கியில் கண்ணை வைத்த நொடியை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். சிறகு என்றால் ஏதோ கண்ணாடித்தாள் என்று நினைத்திருந்தேன். அது ஒரு காடு. வரிசை வரிசையாக, ஒரே திசையில் சாய்ந்து, ஒரு செல்லுக்கு ஒரு முடி. காற்றடிக்கும்போது நம் சோளக்காடு ஒரு பக்கமாகப் படுக்குமே, அப்படி. நீ தகட்டை லேசாக நகர்த்தினாய். ஓரிடத்தில் மட்டும் ஒரு முடி இருக்க வேண்டிய இடத்தில் மூன்றும் நான்கும் முளைத்துக் கொத்தாக நின்றன. "இங்கனதான்மா நஞ்சு தொட்டிருக்கு. புழுவா இருக்கும்போது ஒரு செல்லுல உள்ள மரபணு சேதமாயிருக்கு. அதோட வாரிசெல்லாம் இப்படி வந்திருக்கு," என்றாய். அப்பா குனிந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். பிறகு, "ஒரு குழியில நாலு வெதை விழுந்திருக்கு. பிடுங்கிவிட ஆளில்லை," என்றார். நீ சிரிக்கவில்லை. "அதேதான்ப்பா," என்றாய். உனக்கும் அவருக்கும் இடையில் அவ்வளவு ஒற்றுமையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

உன் கேள்வி எனக்கு அன்றுதான் விளங்கியது. ஐஸ்கிரீமிலும் கேக்கிலும் வாசத்துக்குப் போடுகிற வெனிலா, அந்த வாசத்துக்குக் காரணமான பொருளை மட்டும் தனியே எடுத்து நஞ்சோடு சேர்த்துப் புழுவுக்குக் கொடுத்தால், சிறகில் அந்தக் கொத்துகள் குறையுமா, கூடுமா? அவ்வளவுதான். இதற்கு ஒருவன் இளமையைக் கொடுப்பானா என்று கேட்டால், ஊரில் இதைவிடச் சின்னக் கேள்விகளுக்கு முழு ஆயுளையும் கொடுத்தவர்களை எனக்குத் தெரியும். ஒருநாள் காலையில் போன் செய்து, "அம்மா, கொறைஞ்சிருக்கும்மா! வெனிலா சேத்துக் குடுத்த ஈயில கொத்து கொறைஞ்சிருக்கு!" என்று கத்தினாய். நான் பக்கத்து வீடுகளுக்குக் கேட்கும்படி சந்தோஷப்பட்டேன். சுப்பையாவுக்கும் சொன்னேன். சில மாதம் கழித்து மறுபடியும் போன். "அம்மா, வேற ஒரு நஞ்சு குடுத்துப் பாத்தேன். அதுல கூடியிருக்கும்மா!" அதே குரல், அதே கத்தல். குறைந்ததற்குக் கூத்தாடியது சரி, கூடியதற்கும் ஏன் கூத்தாடுகிறாய் என்று எனக்கு விளங்கவில்லை. நீ சொன்னாய்: "நஞ்சு வந்து துணியக் கிழிக்குதுன்னு வச்சிக்கோ. கிழிஞ்சதைத் தைக்க செல்லுக்குள்ளயே டெய்லர் இருக்கான். வெனிலா அவன்ட்ட போயி ஏதோ சொல்லுது. ஒரு மாதிரிக் கிழிசல்னா நல்லாத் தைக்கான். இன்னொரு மாதிரின்னா கோணல்மாணலாத் தைக்கான். என்னதான் சொல்லுதுன்னு தெரியலம்மா!" அந்தத் 'தெரியல'வைச் சொல்லும்போது உன் குரலில் இருந்த குஷியை, லாட்டரி விழுந்தவன் குரலில்கூட நான் கேட்டதில்லை. இந்த இரண்டாவது செய்தியை நான் சுப்பையாவிடம் சொல்ல விட்டுப்போயிற்று. அதுதான் பிற்பாடு வினையாயிற்று.

இனி முத்துச்செல்விக்கு வருகிறேன். உனக்கு அவளைப் பிடித்திருக்கிறது என்று நீ சொல்லவில்லை. சமையலறை சொல்லிவிட்டது. கோவில்பட்டி பஜாரில் அந்த எசன்ஸ் கடைக்கு, கடையில் விற்கும் வெனிலாவில் என்னென்ன கலந்திருக்கிறது என்று விசாரிக்கத்தான் நீ போனாய். கல்லாவில் இருந்த பெண், "பாட்டில்ல என்ன ஒட்டியிருக்கோ அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அதுக்கு மேல தெரியணும்னா நீங்கதான் கண்டுபிடிச்சு எனக்குச் சொல்லணும்" என்றாளாம். இதை நீ வீட்டுக்கு வந்து சாதாரணமாகச் சொல்வதுபோல் மூன்று தடவை சொன்னாய். அதற்குப் பிறகு ஊருக்கு வரும்போதெல்லாம் ஒரு வெனிலா பாட்டிலோடு வந்தாய். நம் வீட்டில் பாயசம், கேழ்வரகுக் கூழ், கருப்பட்டிக் காபி எல்லாம் ஒரே வாசம் அடித்தது. அப்பா ஒருநாள் மோரை மோந்து பார்த்துவிட்டு, "அந்தக் கடைக்காரர் வீட்ல பொண்ணு இருக்கா?" என்று கேட்டார். வயலில் நிற்கும் பயிரின் முகத்தைப் பார்த்தே வேரில் என்ன கோளாறு என்று சொல்கிறவர் அவர். சுப்பையாவை அனுப்பினோம். சுப்பையா அங்கே போய், மாப்பிள்ளை வெனிலாவைப் பற்றித்தான் ஆராய்ச்சி செய்கிறார், நோய் வராமல் காக்கிறது என்று கண்டுபிடித்திருக்கிறார் என்று, தான் கேள்விப்பட்ட பாதியை முழுசாகச் சொல்லிவிட்டார். உன் மாமனாருக்கு அதைவிட என்ன வேண்டும்? ஈ வளர்க்கும் மாப்பிள்ளையை வாசல் வரை வந்து வரவேற்கிற முதல் மனிதர் அவர்தான்.

அவர் அதோடு நின்றிருக்கலாம். கடை வாசலுக்கு என்று ஒரு பிளக்ஸ் போர்டு அடித்துவிட்டார். நிச்சயத்துக்கு நாங்கள் உள்ளே நுழையும்போதே கூடத்து மூலையில் அது சுருட்டி நின்றது. உன் பெரியத்தைதான் நுனியைப் பிரித்துப் பார்த்தாள். உன் கல்லூரிக் காலத்துப் படம், பக்கத்தில் உன் உயரத்துக்கு ஒரு வெனிலா பாட்டில், கீழே "மரபணுவைக் காக்கும் வெனிலா! எங்கள் வீட்டு மாப்பிள்ளையின் கண்டுபிடிப்பு!" என்று சிவப்பு எழுத்து. பெரியத்தை படித்துவிட்டு, "படம் நல்லா விழுந்திருக்கு" என்றாள். நான் நுனியைப் பழையபடி சுருட்டி வைத்தேன். நீ அதைப் பார்க்கவில்லை. நீ கதவோரம் நின்ற முத்துச்செல்வியைப் பார்த்தாய், அவள் உன்னைப் பார்த்தாள், அதோடு இருவரும் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தீர்கள்.

வெற்றிலைத் தட்டு நடுவில் வந்தது. உன் மாமனார் அதைத் தூக்கப் போனவர், தூக்காமல் கையை அதன்மேல் வைத்துக்கொண்டார். "எல்லாரும் இருக்கிய. ஒரே ஒரு விசயம். வெனிலா நல்லதுன்னு தம்பி கண்டுபிடிச்சிருக்காவளாம்லா. அதைத் தம்பி வாயால ஒரு வார்த்தை சொல்லிட்டா, காது குளிரக் கேட்டுட்டுத் தட்டை மாத்திக்கிடுவோம்," என்றார்.

"அப்படிச் சொல்ல முடியாது மாமா," என்றாய் நீ.

"எப்படி?"

"நல்லதுன்னு."

"அப்போ கெட்டதா?"

"அப்படியும் சொல்ல முடியாது."

சுப்பையா, "மாப்ள வெளையாடுதாவ," என்று சிரித்துப் பார்த்தார். கூடச் சிரிக்க ஆளில்லை. உன் பெரியத்தை எட்டி உன் தோளில் ஒன்று போட்டாள். "ஏலே, நல்லதுன்னு சொல்லிட்டுப் போயேன். கோர்ட்டுல சாட்சியா கேக்காவ? கல்யாண வீட்ல கேக்காவ!" உன் மாமனார் முகம் சுண்டிவிட்டது. அவரைக் குறை சொல்லாதே. "எங்க அப்பா காலத்துலருந்து இதத்தான் விக்கிதோம் தம்பி. எசன்ஸ் போட்டாக் கேடு, விசம்னு எவன் எவனோ வாட்ஸப்புல அனுப்புதான். எம் மூஞ்சிக்கு நேராவே கேக்கான். படிச்ச மாப்ள நல்ல வார்த்தை சொன்னா நான் பஜார்ல நிமிந்து நடப்பேன். அது உங்களுக்குப் பெரிய காரியமா?" என்றார். அவர் கேட்டது லாபத்துக்காக இல்லை, மானத்துக்காக. அந்த நொடியில் நானும் உள்ளுக்குள் 'சொல்லித் தொலையேன்' என்றுதான் நினைத்தேன். வீட்டில் பாட்டில் பாட்டிலாக வெனிலா வாங்கி வைத்தவன், இந்தப் பெண் கிடைக்காவிட்டால் இனி வேறெங்கும் பெண் பார்க்க வரமாட்டான் என்று எனக்குத் தெரியும். ஒரு வார்த்தை. அதுவும் பாதி உண்மை. உலகத்தில் பல கல்யாணங்கள் அதைவிடக் குறைந்த உண்மையில் நடந்து, பேரன் பேத்தி எடுத்திருக்கின்றன.

ஆனால் நீ யார் பிள்ளை? ஐந்தாம் வகுப்பில், ஊருக்கு வந்து பேசிய தலைவர் மேடையை விட்டு இறங்கி உன் கன்னத்தைத் தட்டி, "என் பேச்சு எப்படிடா?" என்று கேட்டபோது, "மொதல்ல நல்லாருந்துது, பொறவு நீளமாயிட்டு" என்று சொன்னவன். அவர் அடுத்த தேர்தலில் தோற்றார். அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா என்று, நீ சொல்வதுபோல், தனித்தனியாகச் சோதிக்காமல் சொல்ல முடியாது.

"இருங்க மாமா, காட்டுதேன்," என்று குனிந்தாய். தட்டிலிருந்து ஒரு வெற்றிலையை உருவினாய்.

இங்கே நிறுத்துகிறேன். உனக்குத் தெரியாதது இங்கேதான் தொடங்குகிறது. தட்டு மாற்றுவதற்கு முன் பெண் வீட்டுத் தட்டிலிருந்து மாப்பிள்ளை கையால் வெற்றிலை எடுத்தால், நம் பக்கத்தில் அது வாக்கு. வெற்றிலை எடுத்தவன் பேச்சு மாறக்கூடாது. அதனால்தான் பேச்சு முடியும்வரை தட்டை யாரும் தொடுவதில்லை. உன் பெரியத்தை வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. சுப்பையா எழுந்து நின்றுவிட்டார். நீயோ தீப்பெட்டியிலிருந்து ஒரு குச்சியை எடுத்து, மருந்தில்லாத முனையைச் சுண்ணாம்பில் தோய்த்து, வெற்றிலை முழுக்க ஒவ்வொரு புள்ளியாக வைத்துக்கொண்டிருந்தாய். "இது ஈயோட சிறகு. ஒரு புள்ளி ஒரு முடி. நஞ்சு குடுத்தா இந்தா, இங்கன இங்கன கொத்துக் கொத்தா வரும்." இன்னொரு வெற்றிலை. "அதே நஞ்சோட வெனிலாவும் குடுத்தா, பாருங்க, கொத்து கொறையுது." உன் மாமனார் முகம் கொஞ்சம் தெளிந்தது. "அதாம்லா நானும் சொல்லுதேன்," என்றார். மூன்றாவது வெற்றிலை. "இது வேற நஞ்சு. இதோட வெனிலா சேந்தா கூடுது." முகம் பழையபடி இருண்டது. உனக்கு அந்த முகம் கண்ணில் படவே இல்லை. வெற்றிலையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, "இதுலதான் மாமா வெசயமே இருக்கு!" என்று சந்தோஷப்பட்டாய். பெண்ணைப் பெற்றவனிடம், அவன் விற்கும் சரக்கு கேட்டைக் கூட்டுகிறது என்று சொல்லிச் சந்தோஷப்பட்ட ஒரே மாப்பிள்ளை நீ.

அப்போதுதான் கதவோரத்திலிருந்து கேட்டது. "நஞ்சே குடுக்காம, வெறும் வெனிலா மட்டும் குடுத்தா?"

எல்லாரும் திரும்பினோம். நிச்சயத்தில் பெண் வாய் திறந்து கேள்வி கேட்டு நான் பார்த்ததில்லை. நீ மட்டும் திரும்பவில்லை. யார் கேட்டது என்றுகூடப் பார்க்காமல், "அதான் மொதல்ல கேக்க வேண்டிய கேள்வி!" என்றாய். "ஒண்ணும் ஆகாது. வெறும் வெனிலா தின்ன ஈக்கும் ஒண்ணும் தின்னாத ஈக்கும் எனக்கு வித்தியாசம் தெரியல." அவள் நடந்து வந்தாள். உன் முன்னால் உட்கார்ந்தாள். தட்டிலிருந்து தன் கையால் ஒரு வெற்றிலையை எடுத்து, குச்சியை உன்னிடமிருந்து வாங்கி, கொத்தே இல்லாமல் வரிசையாகப் புள்ளி வைத்தாள். உன் மூன்று வெற்றிலைக்குப் பக்கத்தில் அதை வைத்தாள். "அப்போ நாலு போடணும். மூணு போட்டா யாருக்கு வெளங்கும்? கடைக்கு வந்து, உங்க எசன்ஸ் போட்டேன் கேக் கசக்குதுன்னு சொல்லுதவங்ககிட்ட நான் அதைத்தான் சொல்லுவேன். எண்ணெய தனியாப் பாருங்க, எசன்ஸ தனியாப் பாருங்கன்னு." நீ நான்காவது வெற்றிலையையே பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு தலையை நிமிர்த்தி, அது யார் என்று அப்போதுதான் தெரிந்ததுபோல் அவளைப் பார்த்தாய். அந்த முகத்தை நான் உனக்கு வரைந்து காட்ட முடியாது. வெற்றிலை போதாது.

பெரியத்தைக்குச் சத்தம் வந்துவிட்டது. "வெத்தலைய எடுத்தாச்சு! ரெண்டு பேரும் எடுத்தாச்சு! வாக்கு ஆயிட்டு!" உன் மாமனார் விடவில்லை. "பாடம் நடத்த எடுத்தது எப்படி மதினி வாக்காகும்? கரும்பலகை இருந்தா அதுல எழுதியிருப்பாவ." "சரி அண்ணாச்சி, எங்க பய பாடம் நடத்த எடுத்தான். உங்க மக?" உன் மாமனார் மகள் பக்கம் திரும்பினார். "ஏட்டி, நீ எதுக்கு எடுத்தே?" முத்துச்செல்வி விரலில் ஒட்டிய சுண்ணாம்பைத் தேய்த்துக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்: "அவிய எதுக்கு எடுத்தாவளோ, அதுக்குத்தான்."

இவ்வளவும் நடக்கும்போது நீ என்ன செய்துகொண்டிருந்தாய் தெரியுமா? சுப்பையாவைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்து, இரண்டு வகைக் கொத்து ஒட்டி ஒட்டி வந்தால் அதற்கு என்ன அர்த்தம் என்று விளக்கிக்கொண்டிருந்தாய். சுப்பையாவும், "அப்படியா! அடப்பாவி! பொறவு?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். தன் வாழ்நாளில் ஒரு சம்பந்தம் முடியும் நேரத்தில் அவர் வேறு பக்கம் பார்த்தது அன்றுதான்.

உன் மாமனார் எழுந்து என் பக்கம் வந்தார். குரலைத் தாழ்த்தினார். "அக்கா, உள்ளதைச் சொல்லுதேன். எனக்குப் பிடிக்கல. ஒரு நல்ல வார்த்தை சொல்லத் தெரியாத பிள்ளைட்ட எம் மக எப்படிக் காலந்தள்ளுவாளோன்னு இருக்கு. ஆனா அவளுக்குப் பிடிச்சிருக்கு. அவ சின்னப்பிள்ளையிலருந்து நாலாவது வெத்தலைதான் கேப்பா. இதுவரைக்கும் பதில் சொல்ல ஆளில்ல." பிறகு உன் அப்பாவிடம் போய்த் தட்டைத் தூக்கினார். உன் அப்பா இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். "வாக்கு வாக்குதான்," என்றார். அன்று முழுவதும் அவர் பேசியது அந்த ஒரு வார்த்தை. நீ நிமிர்ந்து, "தட்டு மாத்தியாச்சா?" என்று கேட்டாய். பெரியத்தை சிரித்துச் சிரித்து இருமலில் போய் முடித்தாள். அந்த பிளக்ஸை இப்போது அவர்கள் வீட்டு மாடியில் மிளகாய் காயப்போட விரித்திருக்கிறார்கள். எழுத்துப் பக்கம் கீழே. உன் படத்தில் வெயில் படாமல் இருக்கட்டும் என்று முத்துச்செல்வி சொன்னாளாம்.

உனக்குப் புத்தி சொல்லும் சாக்கில் இரண்டு சொல்லிவிடுகிறேன். உன் மாமியார் வைத்த குழம்பு எப்படி இருக்கிறது என்று அவர் கேட்டால், நல்லா இருக்கு என்று சொல். அது ஆய்வு அல்ல, உபசாரம். அங்கே மூன்று வெற்றிலை எடுக்காதே. முத்துச்செல்வி கேட்டால் மட்டும் நாலையும் எடு. அவளிடம் ஒரு தடவை பாதியைச் சொன்னாயானால், மீதிப் பாதியை அவளே தேடிக் கண்டுபிடிப்பாள். கண்டுபிடித்த பிறகு அவளுக்கு நீ வேண்டியிருக்காது. இன்னொன்று. அவள் உன்னிடம் கேள்வி கேட்கும்போது முகத்தைப் பார். அன்றைக்கு அவள் நடந்து வந்து உட்கார்ந்து குச்சியை வாங்கிப் புள்ளி வைத்து முடிக்கும்வரை, கேட்டது யார் என்று உனக்குத் தெரியாது. கல்யாணத்துக்குப் பிறகு அந்தப் பழக்கம் கூடாது. கேள்வி எவ்வளவு அருமையானதாக இருந்தாலும் முதலில் ஆளைப் பார், பிறகு கேள்வியைப் பார். உன் அப்பாவிடம் இதைச் சொல்லிச் சொல்லி நான் ஓய்ந்துவிட்டேன். அவருக்கு மேகம், உனக்குச் சிறகு. இருவருக்குமே எதிரில் நிற்கிற ஆளைப் பார்க்காத வியாதி.

நேற்று தாலிச்சரடு வாங்கப் பஜாருக்குப் போனவள், உன் மாமனார் கடையையும் எட்டிப் பார்த்தேன். அவருக்கு இன்னும் மனசு ஆறியிருக்காது, முகத்தைத் திருப்பிக்கொள்வார் என்று நினைத்துக்கொண்டேதான் போனேன். கல்லாவில் அவர் இருந்தார். பேக்கரிக்காரர் ஒருவர் வெனிலா பாட்டிலைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டு, "அண்ணாச்சி, உம்ம மாப்ள இதைப் பத்தி என்னமோ கண்டுபிடிச்சிருக்காராமே. நல்லதா, கெட்டதா?" என்று கேட்டார். நான் வாசல்படியிலேயே நின்றுகொண்டேன்.

உன் மாமனார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "எதோட சேத்துத் திங்கப் போறீருன்னு மொதல்ல சொல்லும்."

"என்னது?"

"ஒண்ணோட சேந்தா கொறைக்கும். இன்னொண்ணோட சேந்தா கூட்டும். தனியா இருந்தா சும்மா கெடக்கும். கேக்குல வாசத்துக்குப் போடும். அதுக்கு மேல கேக்காதேயும்."

"அப்படி எப்படி அண்ணாச்சி? ஏன் அப்படி?"

உன் மாமனார் கல்லாவில் நிமிர்ந்து உட்கார்ந்தார். தெருவில் போகிறவர்களுக்கும் கேட்க வேண்டும் என்பதுபோல் குரலை உயர்த்தினார்.

"அது எங்க மாப்ளைக்கே தெரியாதுவே!"

அதைச் சொன்னபோது அவர் முகத்தில் இருந்த பெருமையை நீ பார்த்திருக்க வேண்டும். சீக்கிரம் கிளம்பி வா.

உன் அம்மா